நீர்நிலை மீட்பில் இளைஞர்கள் (தமிழ்நாடு)

தூர்ந்துபோன ஏரி, குளம், கண்மாய்களையும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களையும் ஊர் இளைஞர்கள் தாங்களே கூடிப் பணம் திரட்டிச் சீரமைக்கும் பணி நீர்நிலை மீட்பு எனப்படுகிறது. சுமார் 39,000 ஏரிகள் உள்ள தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு இது வேகமாகப் பரவியது.

இதன் வேர், ஊராரே கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்தில் இருக்கிறது. கோடையில் நீர் வற்றியதும் ஊரார் ஏரிக்குள் இறங்கி வண்டலை அள்ளுவார்கள். ஒரு பங்கு கரையை உயர்த்தும், மறு பங்கு வண்டியேறி வயலுக்கு எருவாகும். மடையைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் உண்டு. வெள்ளத்தில் மூழ்கி மடை திறப்பது போன்ற உயிராபத்தான வேலைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையிலேயே விழுந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் ஏரிகள் பொதுப்பணித் துறையின் கைக்குப் போயின. ஊராரின் உரிமை குறைந்தது, கடமை மட்டும் மிஞ்சியது. உடைப்பெடுக்கும் கரையை அடைக்க ஆள் சேர்ப்பதற்கே 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது.

புதிய தலைமுறை முதலில் நகரத்து ஏரிகளில்தான் இறங்கியது. அருண் கிருஷ்ணமூர்த்தி 2007-இல் தொடங்கிய இந்தியச் சுற்றுச்சூழலியல் அறக்கட்டளை, மாணவர்களைத் திரட்டி ஏரிகளில் குப்பை அகற்றியது. சென்னைக் கீழ்க்கட்டளை ஏரிப் பணிக்காக 2012-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

திருப்பம் 2016-இல் வந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அதே மாதம் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துத் திரண்ட இளைஞர்களில் பலர், ஊர் திரும்பியதும் சொந்தக் குளத்தைப் பார்த்தார்கள். அந்த மார்ச்சில் அரசும் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது.

கோவை வெள்ளலூர் குளம் இவ்வரலாற்றில் தனியே நின்று பார்க்க வேண்டிய இடம். பல ஆண்டுகள் வறண்டுகிடந்த குளம் அது. குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நொய்யல் ஆற்றிலிருந்து வரும் ராஜவாய்க்கால் அடைபட்டிருந்தால் ஒரு குடம் நீரும் சேராது. 2017-இல் உருவாகி, ஞாயிறுதோறும் மண்வெட்டியுடன் கூடிவந்த கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு, அந்த வாய்க்காலைத் தூர்வாரியது. நீர் வந்தது. கரையில் மரங்கள் எழுந்தன, பட்டாம்பூச்சிகள் பெருகின. தூர்வாருதல் என்றால் குளத்தின் வயிற்றைத் தோண்டுவது என்று நினைத்திருந்த பலருக்கு, வாயைத் திறப்பதே முதல் வேலை என்று காட்டியது இக்குளம்தான்.

பேராவூரணிக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி அது. மேலே எல்லாரும் எடுத்தது போக எஞ்சும் நீரே அங்கே வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல், அப்பகுதியின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. தென்னை போன பின் நெல்லையாவது காப்பாற்ற வேண்டும், அதற்குக் குளம் நிறைய வேண்டும். வெளிநாட்டுக் கணினி வேலையிலிருந்து ஊர் வந்திருந்த நிமல் ராகவன் உள்ளிட்ட இளைஞர்கள் 2019-இல் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கமாகத் திரண்டு, 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். மண் அள்ளும் ஹிட்டாச்சி இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, அதற்கு மேல் டீசல். ஊராரும் கடல்கடந்த உறவுகளும் கொடுத்த பணத்தில் வேலை நடந்தது. அள்ளிய மண்ணில் கரை உயர்ந்தது. குளத்துக்குள் பறவைகளுக்கான திட்டுகள் எழுந்தன. அடுத்தடுத்த ஊர்க் குளங்களுக்கும் பணி பரவியது.

இளைஞர்கள் முட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஏரி அரசுடையது, அனுமதியின்றி ஒரு கூடை மண்ணும் எடுக்க முடியாது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தனிச்சட்டம் உண்டு. ஆனால் ஆக்கிரமித்தவர் பக்கத்து வீட்டுக்காரராகவோ சொந்தச் சித்தப்பாவாகவோ இருக்கும்போது அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடிப்பது எளிதல்ல. குளத்துக்குள் மண்டும் சீமைக் கருவேலமும் லேசில் விடாது. வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டை ஒரே மழையில் துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்கினாலும், ஆடுமாடு போடும் சாணத்தில் உள்ள விதைகளிலிருந்து அடுத்த ஆண்டு புதுக் கன்றுகள் கிளம்பும். தூர்வாரிய குளத்துக்குள் அதே இளைஞர்கள் மறுபடி கடப்பாரையுடன் இறங்குவது அதனால்தான்.