குடத்தில் விழாத ஓலை

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரண்டு காரியங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று, சுவாமி தரிசனம். மற்றொன்று, பட்டுப் புடவை. இவற்றில் எது காரியம், எது சாக்கு என்று கேட்டுக் குடும்பங்களில் கலகம் விளைவிக்க எனக்கு விருப்பமில்லை. நான் போனது மூன்றாவது காரியத்துக்காக. தேர்தல் பார்க்கப் போனேன். ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் உள்ள தேர்தல் அல்ல; கல்லிலே வெட்டி வைத்த தேர்தல்.

ஊருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் வரிசை வரிசையாகச் சிற்பங்கள். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்து போனான். ராஜ்யத்தின் பெரியவர்களும், கடிகை என்னும் கல்விச் சாலையைச் சேர்ந்தவர்களும் புறப்பட்டுப் போய், பல்லவ குலத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் அரசன் வேண்டுமென்று கேட்டார்கள். அவனுடைய நான்கு பிள்ளைகளில் மூத்தவர்கள் மூவரும் மறுத்து விட்டார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி, "நான் போகிறேன்" என்றான். அவனே பல்லவமல்லன் என்ற இரண்டாம் நந்திவர்மன். சிற்பங்களும் அவற்றின் கீழுள்ள குறிப்புகளும் சொல்லும் கதை இது.

அழகான கதைதான். ஆனால் அந்தக் கோயிலைக் கட்டியவனும் அதே நந்திவர்மன் என்பதை மறந்து விடக் கூடாது. வென்ற அபேட்சகர் தம் செலவில் எழுதி வைத்த தேர்தல் வரலாற்றை முழுவதும் நம்புவது, அந்தக் காலத்திலும் சரி, இந்தக் காலத்திலும் சரி, கொஞ்சம் கஷ்டம். தோற்றவர்களுக்குச் சுவர் கிடைப்பதில்லை.

ஆகையால் அடுத்த பஸ்ஸில் உத்திரமேரூருக்குப் புறப்பட்டேன். முப்பது கிலோ மீட்டர் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காஞ்சிபுரத்து நெசவாளர். அறுபது வயதைத் தாண்டியவர். உத்திரமேரூரில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். "பத்து வயசிலே கோர்வைக்கு நாடா தள்ள உட்கார்ந்தவன் ஐயா" என்றார். புடவையின் கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்வதுதான் கோர்வை. பெரியவர் ஒரு பக்கம் உட்கார்ந்து நெய்ய, எதிர்க் கோடியிலே ஒரு பையன் கரைக்குரிய நாடாவை வாங்கித் தள்ள வேண்டும். நான் போகும் காரியத்தைச் சொன்னதும், "மகள் ஊர்லே அப்படி ஒண்ணு இருக்கா? நானும் வரேன்" என்று என்னோடு இறங்கி விட்டார்.

இதுவும் வைகுண்டப் பெருமாள் கோயில்தான். பெயர்தான் ஒன்று, விஷயம் வேறு. இங்கே சுவரில் அரசனும் இல்லை, யானையும் இல்லை. எழுத்து மட்டுமே. முதற் பராந்தக சோழனுடைய 12-ம் ஆட்சி ஆண்டாகிய கி.பி. 919-ல் ஒரு சாசனம். 14-ம் ஆண்டாகிய 921-ல் இன்னொன்று. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் தங்கள் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று செய்து கொண்ட ஏற்பாடு. வெங்கையாவும், பின்னால் நீலகண்ட சாஸ்திரியாரும் இதை ஆராய்ந்து எழுதியதிலிருந்து, குடவோலை என்ற பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும், சிறியவரும் பெரியவருமாய்க் கூட வேண்டும். ஊரிலிருக்கும் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். விவரமறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடியும் அவனே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும்! பிறகு அவன் வாசிக்க வேண்டும். அங்கேயுள்ள நம்பிமார் அத்தனை பேரும் வாசிக்க வேண்டும்.

அந்த ஐந்து விரலைத்தான் நான் நெடுநேரம் நினைத்துக் கொண்டிருந்தேன். விரலை மடக்கிக் கொண்டு ஓலையை வாங்கிய மகானுபாவன் ஒருவன் எப்போதோ இருந்திராவிட்டால், விரலை விரிக்கச் சொல்லிக் கல்லில் ஏன் வெட்ட வேண்டும்?

சட்டங்களை வக்கீல்கள் ஒரு விதமாகப் படிப்பார்கள். கதை எழுதுகிறவன் வேறு விதமாகப் படிக்கிறான். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒரு ஆசாமி ஒளிந்து கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றும். 919-க்கும் 921-க்கும் இடையே இரண்டே ஆண்டுகள். முதல் ஏற்பாட்டில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். இளைஞர்கள் வெளியே போய்க் கிழவர்கள் உள்ளே வந்து விட்டார்கள். முன்னதில், வாரியம் செய்து ஓய்ந்தவர்களுக்கு நெருங்கிய பந்துக்கள் கூடாது என்று சுருக்கமாகச் சொல்லியிருக்கிறது. பின்னதிலோ, வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவர்கள் கூடாது. அவர்களுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள் கூடாது. அத்தை பிள்ளை கூடாது. மாமன், மாமனார், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளைக் கட்டியவன், உடன்பிறந்தாள் மக்கள், மகளைக் கட்டிய மருமகன், தகப்பன், மகன் ஒருவரும் கூடாது!

"மருமகனுமா?" என்றார் நெசவாளர்.

"மருமகனும்தான்."

இடையில் என்ன நடந்தது என்று கல் சொல்லவில்லை. ஊகிப்பது என் தொழில். 'நெருங்கிய பந்து' என்று பொதுவாக எழுதிய மாத்திரத்தில், "அத்தை பிள்ளை எப்படி ஐயா நெருங்கிய பந்தாவான்?" என்று ஒரு வழக்காளி சபை நடுவே எழுந்து நின்றிருப்பான். வழக்கு வலுத்து, கடைசியில் உறவுமுறை அத்தனையையும் பட்டியல் போட்டு விட்டார்கள். ஏரி வாரியம் என்பது விளையாட்டல்ல. வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரியின் நீரை நம்பித்தான் அந்த ஊரார் சாப்பிட்டார்கள். தூர் வாருவதற்கென்று பலர் பொன் கொடுத்து வைத்திருந்தார்கள். பொன் இருக்குமிடத்தில் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் மைத்துனன் இருப்பான்.

குடவோலை முறையில் மெச்சத் தகுந்தது குடமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. குலுக்கிப் போட்டு எடுப்பது குருட்டு அதிர்ஷ்டந்தானே? பதவி 360 நாள்தான், மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவன் மறுபடி வரக் கூடாது, குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்க வேண்டும், கணக்குக் காட்டாதவன் வீட்டு வாசற்படியைக் கூடக் குடம் எட்டிப் பார்க்கக் கூடாது — கவனிக்க வேண்டியவை இவைதான். பொன் வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது, கழுதை மேல் ஏற்றப்பட்டவனையும் பொய்க் கையெழுத்து இட்டவனையும் தள்ளச் சொல்லியிருக்கிறது. ஊர் அவமானம் கூடச் சட்டத்தில் ஏறியிருக்கிறது!

நெசவாளர் சுவரில் கையை வைத்து எழுத்துக்களைத் தடவிப் பார்த்தார். நெய்த புடவையில் இழை பிசகியிருக்கிறதா என்று பார்க்கிற கை. பிறகு கேட்டார்: "ஐயா, நம்ம பேரை இந்தக் குடத்திலே போட்டிருப்பாங்களா?"

போட்டிருக்க மாட்டார்கள். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். மந்திர பிராமணம் ஓதி, பிறர்க்கும் ஓதுவிக்க வல்லவனாயிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே இருந்தால், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஊரின் சபை. உழுதவனும் நெய்தவனும் அந்த ஓலையில் இல்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்று மேடைகளில் முழங்குகிறவர்கள் இந்தப் பாதிச் சுவரை வாசிக்காமல் இறங்கி விடுகிறார்கள்.

இதைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. அதனால் இன்னொன்றும் சொன்னேன். அதே பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உத்தம சோழன் கொடுத்த செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியில் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியங்களைப் பட்டசாலியர் என்ற நெசவாளர்களிடம் ஒப்படைத்து, அதன் கணக்கை நகரத்தின் ஆண்டு வாரியத்தார் பார்க்க வேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. உத்திரமேரூர்ச் சபையில் இடமில்லாத சாதி, காஞ்சி மாநகரில் கோயில் நிர்வாகம் செய்தது. ஒரு நாள் பிரயாணத்துக்குள் இரண்டு விதமான சட்டம்!

இந்தச் சுவர் ஒரு தடவை டில்லிக்கும் போய் வந்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றி விவாதம். கிராமம் என்பது அறியாமைக்கும் குறுகிய புத்திக்கும் இருப்பிடம் என்று டாக்டர் அம்பேத்கர் கடுமையாகப் பேசியிருந்தார். சென்னை ராஜதானியில் பிரதம மந்திரியாயிருந்த பிரகாசம் எழுந்து, காஞ்சிபுரத்துக்கு இருபது மைலில் ஒரு கோயிற் சுவரில் ஓட்டுப் பெட்டி முறையே வெட்டியிருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். முடிவில் பஞ்சாயத்து 40-வது பிரிவாக நுழைந்தது. வாக்குரிமையோ 326-வது பிரிவில், கால் வேலியும் கேட்காமல், வேதமும் கேட்காமல் நுழைந்தது. அதற்கு முன் 1937-ல் நடந்த தேர்தலில் கூட வரி, சொத்து, படிப்பு என்று கேட்டுத்தான் வோட்டுக் கொடுத்தார்கள். 1952-ல்தான் இருபத்தொரு வயது நிரம்பிய எவரும் வரிசையில் நின்றார்கள். அந்த வயது 1989-ல் பதினெட்டாயிற்று. பிரகாசமும் சரி, அம்பேத்கரும் சரி, இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினார்கள் என்பது என் அபிப்பிராயம். அவர் பார்த்தது குடத்தை. இவர் பார்த்தது குடத்தில் விழாத ஓலைகளை.

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை 1957-ல் அந்தத் தொகுதியில் வென்றார். 1962-ல் அங்கேயே தோற்றார். 1967 மார்ச்சில் முதலமைச்சரானபோது அவர் சட்டசபை அங்கத்தினரே அல்ல. தென் சென்னையிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அங்கத்தினரல்லாதவர் ஆறு மாதம் வரை மந்திரியாயிருக்கலாம் என்ற விதி வழிவிட்டது. பிறகு மேல்சபைக்கு வந்தார். 1967 ஜூலையில் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டச் சட்டசபை தீர்மானித்தது. ஆனால் பார்லிமெண்டு சட்டம் செய்த பிறகுதான், 1969 ஜனவரியில், பெயர் நிலைத்தது. உத்திரமேரூர்ச் சபையார் விதி செய்தபோதும் அரசன் ஆணையுடன் வந்த அதிகாரி ஒருவர் கூட உட்கார்ந்திருந்தார். 919-ல் தத்தனூர் மூவேந்தவேளான், 921-ல் சோமாசிப்பெருமான். தன் பெயரைத் தானே வைத்துக் கொள்ளவும் மேலே ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

குடமும் முற்றிலும் போய்விடவில்லை. இரண்டு அபேட்சகர்கள் சரிசமமாக வோட்டு வாங்கினால் இன்றைக்கும் திருவுளச் சீட்டுத்தான். கணக்கு விதியும் இருக்கிறது, மெலிந்து போய். தேர்தல் செலவுக் கணக்கைக் காட்டாதவரை மூன்று ஆண்டுக்குத் தேர்தல் கமிஷன் தள்ளி வைக்கலாம். அவரை மட்டுந்தான். மனைவியும் மைத்துனனும் தாராளமாக நிற்கலாம், நிற்கவும் செய்கிறார்கள்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடந்தோம். மகள் வீட்டுக்குப் போகாமல் என் கூடவே வந்து கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்து விட்டுச் சொன்னார்: "நெசவாளர் சங்கம் ஒண்ணிலே என் சம்சாரத்தோட தம்பி பணத்தைப் பார்த்துக்கிட்டிருந்தான் ஐயா. கணக்குக் கேட்டாங்க. காட்டலை. அடுத்த தேர்தல்லே நான் நின்னேன். ஜெயிச்சேன். யாரும் ஒண்ணும் கேக்கலை. நானும் அவனைக் கேக்கலை."

நான் பதில் சொல்லவில்லை.

"உங்க கல்லுலே முதல் விதியிலேயும் நான் இல்லை. கடைசி விதியிலேயும் இல்லை" என்றார்.

காஞ்சிபுரம் பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் மகள் வீட்டுப் பக்கம் போகவில்லை. கோயில் இருந்த திசையிலே நடந்து கொண்டிருந்தார்.