ஆர்க்கிட் வளர்ப்புக் கட்டை (தருமபுரி மாவட்டம்)

மரக்கிளைகளில் தொற்றி வாழும் ஆர்க்கிட் வகைகளைத் தொட்டியில் நடாமல், வேர் வெளியே தெரியக் கட்டி வளர்ப்பதற்கான மரத்துண்டு. வளர்ப்போர் பேச்சில் இது வெறும் 'கட்டை'தான். தருமபுரி போன்ற காடும் தோப்பும் கலந்த மாவட்டத்தில் இந்தக் கட்டையை எங்கிருந்து எடுப்பது என்பது தோட்டக்கலைக் கேள்வி மட்டுமன்று, சட்டக் கேள்வியும்கூட.

தொற்று ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று எண்ணி வெட்டி எறிவோர் உண்டு. இரண்டும் வேறு. புல்லுருவி தாங்கும் மரத்துக்குள் வேர் செலுத்திச் சாறு உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தைப் பற்றி நிற்க மட்டுமே பயன்படுத்தும். அதன் வேரைச் சுற்றி வெலமன் என்னும் பஞ்சு போன்ற உறை உண்டு. மழைநீரையும் பனியையும் அது சட்டென உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த நனைவுக்கு முன் காற்றுப்பட்டு உலரவும் வேண்டும். ஈரம் தேங்கும் மண்ணில் இவ்வேர் அழுகும். கட்டையின் தேவை இதிலிருந்து பிறக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளில் காணப்படும் வாண்டா டெசல்லேட்டா, அகாம்பே பிரேமோர்சா ஆகிய இரண்டும் இப்படி வளர்பவை.

கட்டைக்கு வேண்டியவை மூன்று: எளிதில் உளுக்காத வைரம், சொரசொரப்பான மேற்பரப்பு, உரியாத பட்டை. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொய்யாவிலும் தைல மரத்திலும் பட்டை தானாக உரியும். அதைப் பற்றிய வேரும் கூடவே கழன்றுவிடும். வெட்டினால் அரிக்கும் பால் கசியும் முந்திரியைத் தொடாதிருப்பது நல்லது.

இம்மாவட்டத்தில் இதற்காகக் காட்டுக்குள் போகவே வேண்டியதில்லை. பாலக்கோடு, காரிமங்கலம் பகுதி மாந்தோப்புகளில் அறுவடை முடிந்ததும் கவாத்து நடக்கும். விறகுக்குப் போகும் அந்தக் கிளைகளில் கைமுட்டி கனத்தில் உள்ளவை போதும். மாங்கட்டையின் பட்டை ஈரத்தைச் சற்றே பிடித்துவைக்கும், ஆனால் கட்டை சீக்கிரம் உளுக்கும். நீண்ட நாள் நிற்க வேண்டுமானால் காற்றில் முறிந்த பழம் புளியங்கிளைதான். அதிலும் வெளிறு போக வைரம் பாய்ந்த பகுதி. வத்தல்மலையில் காப்பி பயிராகிறது. மூப்படைந்து பிடுங்கப்படும் காப்பிச் செடியின் தூர் கனமானது, கோணல்மாணலானது, செடி கட்டத் தோதானது. இவற்றையெல்லாம் விட மனச்சுமை இல்லாத மரம் சீமைக் கருவேலம். அயல் களைத் தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தக் களைகளுள் ஒன்றான இந்த மரத்தை நிலத்துக்காரர் சம்மதத்தோடு வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை. முள்ளை மட்டும் பார்த்துக் கழிக்க வேண்டும்.

காப்புக் காட்டில் கிடக்கும் பட்ட மரம் யாருக்கும் வேண்டாத பொருள்போலத் தோன்றும். அப்படியன்று. அதன் பொந்தில் ஆந்தையும் கிளியும் குஞ்சு பொரிக்கும். உளுத்த பகுதியில் கரையானும் காளானும் மரத்தை மண்ணாக்கும். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி மரம் எடுப்பது குற்றம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. சொந்த நிலத்து மரமேயானாலும் சில வகைகளைச் சாலையில் கொண்டுசெல்ல, 1968-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சந்தனத்தை எந்த வகையிலும் தொடக்கூடாது.

மலைக்காரரிடம் காசு கொடுத்துக் காட்டுக் கட்டை வாங்குவதும் தவறே. வாங்கியவர் வீடு திரும்பிவிடுவார், பிடிபடுபவர் விற்றவர். அரூர் அருகே வாச்சாத்தியில் 1992 ஜூன் மாதம் சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் பழங்குடியினர் மீது நடந்த கொடுமைகளுக்காக, வனம், காவல், வருவாய்த் துறைகளைச் சேர்ந்த 215 பேரைத் தருமபுரி நீதிமன்றம் 2011-இல் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதிசெய்தது. இந்த மாவட்டத்தில் ஒரு கட்டைக்குப் பின்னால் இத்தனை நினைவு இருக்கிறது.

எடுத்த கட்டையைத் தேய்த்துக் கழுவி, சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, வெயிலில் நன்கு காயவிட வேண்டும். பூச்சி மருந்து ஏற்றிய கட்டுமான மரமும் பெயின்ட் அடித்த பலகையும் உதவா. செடியைத் தேங்காய் நார் வைத்து நைலான் நூலால் அசையாமல் கட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் புது வேரின் நுனி தேய்ந்து கருகும். கட்டையில் உள்ள செடி தொட்டிச் செடியைவிட விரைவில் காயும் என்பதால், தருமபுரிக் கோடையில் காலையும் மாலையும் தெளிப்பது அவசியம்.

கட்டும் செடியும் காட்டிலிருந்து வரக்கூடாது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சைட்டிஸ் பட்டியல்களில் உள்ளது. நாட்டு ஆர்க்கிட்டுகளைப் பார்த்துப் பழக அண்டை மாவட்டமான சேலத்தின் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

சில ஆண்டுகளில் கட்டை உளுத்துவிட்டால் வேரைப் பிய்த்தெடுக்காமல், பழைய துண்டோடு சேர்த்தே புதிய கட்டையில் கட்டிவிடலாம்.