மயிலாடியில் விழுந்த வித்து

தென்னாட்டிலே கிறிஸ்து மார்க்கம் பரவிய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தொடங்குவர். இன்ன ஆண்டில் இன்ன துரைமகனார் இன்ன துறையில் வந்திறங்கினார் என்பதே முதல் வரியாக இருக்கும். வந்திறங்கியவர்களின் தொண்டைக் குறைத்துரைக்க நாம் விரும்போம். ஆயினும், தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் சபை வேரூன்றிய கதையைக் கப்பலிலிருந்து தொடங்கினால் அது தலைகீழான கதையாகிவிடும். அது தொடங்கியது நாகர்கோவிலுக்கு அணித்தான மயிலாடி என்னும் சிற்றூரில், ஒரு சாம்பவர் வீட்டில்.

அவ்வீட்டுக்குரியவர் மகாராசன். பெயரில்தான் மகாராசன், ஊரார் கணக்கில் தெருவிலும் எட்டி நிற்க வேண்டியவர். பதினெட்டாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் இவர் சிதம்பர யாத்திரை புறப்பட்டார். நந்தன் நாடிய அதே தலம்! நந்தனுக்கு உட்புக வழிவிட்டது தீ என்று புராணம் கூறும். அதனைப் பக்தியின் பெருமையென்று உருகிப் பாடுவோர் பலர். தீயில் இறங்காமல் அவன் உள்ளே போதல் ஏன் கூடாதாயிற்று என்று கேட்போர் சிலரே. மகாராசனும் சிதம்பரத்தில் மன அமைதி பெறாமலே மீண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. யாத்திரையின்போது தஞ்சையில் இருந்த உறவினரிடம் தங்கினார். அங்குள்ள கிறிஸ்தவக் கோயிலில் போதனை கேட்டார். கோலாப் ஐயர் அவருக்கு ஞானஸ்நானங் கொடுத்து வேதமாணிக்கம் என்று பெயரிட்டார்.

ஊர் திரும்பியவர் தாம் கேட்டதை உற்றாருக்குச் சொன்னார். சிலர் சேர்ந்தனர், பலர் பகைத்தனர். அந்தச் சிறு கூட்டத்தைப் பெயர்த்துக்கொண்டு தஞ்சைக்கே குடியேறிவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. முடிவில், போதகர் ஒருவரை மயிலாடிக்கே வரவழைப்பதென்று துணிந்தார். அவ்வழைப்புக்கு இணங்கி வந்தவரே ரிங்கல்தௌபே ஐயர்.

இவர் 1770-ம் ஆண்டு பிரஷ்யாவின் சைலீசிய நாட்டிற் பிறந்தவர். ஹாலே நகரிற் கற்றவர். 1804-ம் ஆண்டு இறுதியில் தரங்கம்பாடியை அடைந்து தமிழ் பயின்றார். 1806-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் புகுந்தார். கோயில் கட்ட இசைவு எளிதிற் கிடைத்ததன்று. ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலே பரிந்து பேசவேண்டியிருந்தது. இடையில் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியும் எழுந்து அடங்கிற்று. 1809-ல்தான் மயிலாடியில் சிறு கோயிலொன்று எழுந்தது. அதனோடு பள்ளியும் தோன்றிற்று. இன்று நாகர்கோவிலில் விளங்கும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் பிறப்பை அப்பள்ளியிலிருந்தே எண்ணுகின்றது.

ரிங்கல்தௌபே விந்தையான மனிதர். தம் சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்கே ஈந்துவிட்டுத் தாம் எளிய குடிலில் வாழ்ந்தார். 1816-ல் நோயால் நலிந்து நாட்டை விட்டு நீங்கியபோது, நெடுங்கடற் பயணத்துக்கு அவரிடம் ஒரு நல்ல மேற்சட்டையும் இருக்கவில்லை. தலையில் நாட்டு ஓலைத்தொப்பி. அதன்பின் அவர் எங்கே, எவ்வாறு மறைந்தார் என்பதை எவரும் அறிந்திலர். போகுமுன் சபைகளை அவர் ஒப்படைத்தது எவரிடம்? வேதமாணிக்கத்திடம். அடுத்த ஐயர் வந்து சேர 1818 ஆயிற்று. அதுவரை அச்சிறு மந்தையைக் காத்தவர், கோயில் வாயிலை எட்டி நின்று தொழவேண்டிய குலத்திற் பிறந்த அந்த ஒருவரே.

இனி, சபை பெருகிய வகையைப் பார்ப்போம். 1818-ல் வந்த மீட் ஐயர் ஏறத்தாழ ஓராண்டு நாகர்கோவிலில் அரசாங்க நீதிபதியாகவும் அமர்ந்திருந்தார். திருவிதாங்கூர் ராணியார் மிஷனுக்கு நிலம் வாங்க 5,000 ரூபாய் அளித்தார். இரண்டொரு ஆண்டுக்குள் சுமார் 3,000 பேர், பெரும்பாலும் நாடார் மக்கள், சபையை நாடி வந்தனர். பெரட்டில் நிற்கும் தலைகளை எண்ணிச் செக்ரோலில் எழுதுவோர்க்குத் தெரியும், தலைக்கணக்கு வேறு, மனக்கணக்கு வேறென்பது. நீதிபதி ஐயராயிருந்தால் வழக்கு வெல்லும் என்று வந்தவரும் அவருள் இருந்திருப்பர். வரிச்சுமை நீங்குமென்றே பலர் தம்மிடம் வருவதாக ரிங்கல்தௌபேயும் முன்னரே நொந்துகொண்டார்.

ஆனால், அவ்வாறு வந்தோரைப் பழிக்க நமக்கு நா எழவில்லை. தலைவரி ஒருபுறம், கூலியில்லா ஊழியம் ஒருபுறம். பெண்கள் மார்பை மறைத்தல் குற்றம். அடிமைகளை விற்றலும் வாங்கலும் சட்டப்படி செல்லும். இத்தகைய நாட்டில், நீயும் மனிதன் என்று சொல்லுமிடத்துக்கு ஒருவன் ஓடிவந்தால், அவன் ஆன்மாவைத் தேடி வந்தானா, ஆடையைத் தேடி வந்தானா என்று பிரித்துப் பார்ப்பவர் வயிறு நிறைந்தவராயிருத்தல் வேண்டும். ஐயர்மாரின் மனைவியர் பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்பித்தனர். குப்பாயம் அணிந்த பெண்கள் சந்தையில் தாக்கப்பட்டனர். 1829-ல் அரசு அவர்க்கு மேலாடையை மறுத்தது. 1858-லும் 1859-லும் கலகம் மூண்டது. 1859 ஜூலை 26-ல் வெளியான பிரகடனம் நாடார் பெண்கள் அனைவரும் மேனியை மறைத்துக்கொள்ள இசைந்தது. அப்போதும் மேற்சாதியார் அணியும் முறையில் மட்டும் அணியலாகாதென்று ஒரு முள்ளையும் சேர்த்தே வைத்தது. அடிமைமுறை 1855-ல் சட்டத்தால் ஒழிந்தது. கிறிஸ்தவரல்லாத நாடார் பெண்களுக்கும் 1859-ன் உரிமை கிடைத்ததன்றோ? மயிலாடியில் விழுந்த வித்தின் நிழல் அதனை வணங்காதவர்மீதும் படிந்தது.

2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர். இதனை முழுதும் மயிலாடியின் கணக்கில் எழுதிவிடுதல் நேர்மையன்று. இவருள் ஒரு பெரும்பங்கினர் கத்தோலிக்கர்; கடற்கரை மக்களிடையே சவேரியார் 1544-லேயே வந்து போயிருந்தார்.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. சாதியை எதிர்த்து வளர்ந்த சபைக்குள்ளும் சாதி பின்வாயில் வழியாக நுழைந்தது. முதற் கோயிலுக்கு வித்திட்டவர் சாம்பவர். ஆயினும் சபை பெருகப் பெருக, அவர் குலத்தார்க்கு அங்கும் பின்னிருக்கையே வாய்த்தது. முப்பதாண்டுக்கு மேல் உழைத்து, அச்சுக்கூடமும் பள்ளிகளும் கண்ட மீட் ஐயர், மனைவியை இழந்தபின், 1850-களின் தொடக்கத்தில் பறையர் குலத்துக் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை முறைப்படி மணந்தார். ஞானஸ்நானம் பெற்றவளே; எழுத்தறிந்தவளே. ஆனாலும் வெள்ளையரான உடன் ஊழியர்கள் பொறுக்கவில்லை. வேதமாணிக்கத்தின் குலத்தவளை மணந்ததற்காக, வேதமாணிக்கம் தொடங்கிய மிஷனிலிருந்து மீட் ஐயர் விலக நேர்ந்தது. அவர் ஊரை விட்டுக் கப்பலேறவில்லை. திருவிதாங்கூர் அரசாங்கப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக அமர்ந்தார். 1873-ல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார்.