சூறாவளித் தூசு பிரிப்பான்

சூறாவளித் தூசு பிரிப்பான் என்பது, காற்றில் கலந்துள்ள துகள்களைத் தன்னுள் அசையும் பாகம் எதுவுமின்றி, சுழற்சியின் துணையால் மட்டுமே பிரித்தெடுக்கும் கருவியாகும். 1880களில் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இக்கருவி, ஆலைகளில் ‘சைக்ளோன்’ எனவே வழங்கப்படுகிறது.

பயன்பாடு. மாத்தளை மாவட்டத்தில் ஏ9 நெடுஞ்சாலையில் அமைந்துள்ள நாவுல போன்று நெற்செய்கை நிலைபெற்ற பகுதிகளில், இக்கருவிக்குரிய முதன்மையான இடம் நெல் ஆலையாகும். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கான உமி, அரிசியிலிருந்து நீக்கப்பட்டதும் விசிறியின் காற்றோட்டத்தால் குழாய் வழியே சைக்ளோனுக்குள் செலுத்தப்பட்டு, அங்கே காற்றிலிருந்து பிரிக்கப்படுகிறது.

செயற்பாடு. கருவியின் மேற்பகுதி உருளையாகவும் கீழ்ப்பகுதி கூம்பாகவும் இருக்கும். உருளையின் பக்கச் சுவரைத் தொட்டவாறு நுழையும் காற்று சுழன்று கீழிறங்குகையில், காற்றைவிட அடர்த்தி மிக்க துகள்கள் வெளிச்சுவரை நோக்கி ஒதுங்கி, அதன் வழியே சரிந்து அடிவாயிலை அடைகின்றன. தூசு குறைந்த காற்றோ கூம்பின் அடியில் திரும்பி, நடுவில் ஒடுங்கிய உட்சுழியாக எழுந்து மேற்குழாய் வழியே வெளியேறுகிறது.

வினைத்திறன். எந்தப் பருமனுள்ள துகள்களில் சரிபாதி பிடிபடுகின்றனவோ, அந்தப் பருமன் ‘வெட்டு விட்டம்’ எனப்படும். இது சிறிதாக இருப்பின் பிரிப்பான் சிறந்ததாகக் கொள்ளப்படும். துகளின் அடர்த்தி கூடும்போது வெட்டு விட்டம் குறைகிறது. காற்றின் வெப்பநிலை உயரும்போது அதன் பிசுக்குமை கூடுவதால் வெட்டு விட்டம் பெருகுகிறது. நுழைவு வேகத்தை இரட்டிப்பாக்கினால் வெட்டு விட்டம் சுமார் 70 சதவீதமாகவே குறையும். ஆனால் அமுக்க இழப்பு நான்கு மடங்காகவும், காற்றின் அளவும் இரட்டிப்பதால் விசிறிக்குத் தேவையான வலு எட்டு மடங்காகவும் உயரும். வேகம் அளவு மீறினால், சுவரில் ஒதுங்கிய தூசு மீண்டும் காற்றில் கலந்துவிடும். ஆகவே வேகத்தைக் கூட்டுவதைவிட வடிவ விகிதங்களைச் சரிசெய்வதே பயன் தரும். ஆய்வாளர் ஸ்டேர்மண்ட் 1951இல் வெளியிட்ட உயர்வினைத்திறன் வடிவத்தில், மொத்த உயரம் உருளை விட்டத்தின் 4 மடங்காகவும், வெளியேற்றக் குழாயின் விட்டம் உருளை விட்டத்தில் பாதியாகவும் அமைகின்றன.

பராமரிப்பு. உட்சுழியில் அமுக்கம் குறைவாக இருப்பதால், அடிவாயிலில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உட்புகுந்து, சேர்ந்த தூசை மேலே கிளப்பிவிடும்; அதனைத் தடுக்கச் சுழல் அடைப்பிதழ் பொருத்தப்படுகிறது. உமியிலுள்ள சிலிக்கா உலோகச் சுவரைத் தேய்த்துத் துளையிடக்கூடியதாதலால், காற்று வந்து மோதும் சுவர்ப்பகுதியைக் காலந்தோறும் பரிசோதிப்பது இன்றியமையாதது.

எல்லை. உமி போன்ற பருந்துகள்களை இக்கருவி ஏறக்குறைய முழுமையாகப் பிடிக்கும். ஆயினும் சுமார் 5 மைக்ரோமீற்றருக்குட்பட்ட துகள்களிற் பெரும்பகுதி தப்பிச் செல்லும். நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை இந்நுண்துகள்களே என்பதால், தொழிலாளரின் உடல்நலம் காக்கப்பட வேண்டுமெனில் சைக்ளோனை அடுத்துத் துணிப்பை வடிகட்டியும் அமைக்கப்பட வேண்டும்.