நாய்க்குக் காதில் அடிக்கடி சீழ் வடிகிறதா? காரணத்தைக் கண்டறிவது எப்படி?

சங்கரன்கோவில், ராஜபாளையம், கோவில்பட்டி பகுதிகளில் ஆட்டுக்கிடைக்கும் தோட்டத்துக்கும் காவலாகப் பலர் நாய் வளர்க்கின்றனர். சில நாய்களுக்குக் காதில் சீழ் வடியும். சொட்டு மருந்து விட்டால் குறையும். சில வாரங்களில் மீண்டும் வரும். மூல காரணம் நீங்காதவரை இது தொடரும். நாளடைவில் காது கேட்காமலும் போகலாம்.

அறிகுறிகளும் காரணங்களும்

• ஒரு காதில் மட்டும் திடீர் வலி, தலையை ஓயாமல் உதறுதல்: புல் விதை, முள் அல்லது உண்ணி உள்ளே புகுந்திருக்கலாம்.

• காப்பித்தூள் போன்ற கருப்பு அழுக்கு, கடும் அரிப்பு: காதுச் சிற்றுண்ணி. குட்டிகளில் அதிகம். வீட்டிலுள்ள மற்ற நாய், பூனைகளுக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும்.

• பிசுபிசுப்பான பழுப்பு அழுக்கு, புளித்த வாடை: பூஞ்சைத் தொற்று.

• மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழ், துர்நாற்றம்: பாக்டீரியா தொற்று.

• கிணறு, குளத்தில் நீந்திய பின் வருவது: காதில் தங்கும் ஈரம்.

• இரு காதிலும் தொல்லை, பாதத்தை நக்குதல், உடலைச் சொறிதல்: ஒவ்வாமை. அடிக்கடி திரும்பி வரும் காது நோய்க்குப் பெரும்பாலும் இதுவே அடிப்படை. தெள்ளுப்பூச்சிக் கடியோ உணவோ காரணமாக இருக்கலாம்.

பரிசோதனை

நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்தைப் போல் கீழிறங்கி உள்நோக்கித் திரும்பும். வெளியிலிருந்து பார்த்தால் அடிப்பகுதி தெரியாது. கால்நடை மருத்துவர் கருவி மூலம் செவிப்பறை கிழிந்துள்ளதா என்று பார்ப்பார்; அழுக்கை நுண்ணோக்கியில் ஆராய்வார். அப்படியும் குணமாகாவிட்டால், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சோதிக்க வேண்டும். இதற்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். நோய் வந்த மாதம், கொடுத்த தீவனம், விட்ட மருந்து ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். உணவு ஒவ்வாமை எனச் சந்தேகித்தால், மருத்துவர் சொல்லும் உணவை மட்டும் சுமார் 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

காய்ச்சிய எண்ணெய், மண்ணெண்ணெய், மாட்டு உண்ணிக்கான மருந்து எதையும் காதில் ஊற்றக் கூடாது. பஞ்சுக் குச்சி அழுக்கை மேலும் உள்ளே தள்ளும். பழைய சொட்டு மருந்தைத் தானாக விட வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகளே செவித்திறனைக் கெடுக்கும்.

வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். அவற்றில் சீழோ வாடையோ இராது.

தலை ஒருபக்கம் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ நோய் உள்காதுக்குப் பரவியிருக்கலாம். அன்றே சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.