கெய்ரோவின் கான்காஹ்களும் ஆட்சியாளர்களும்

இஸ்லாத்தில் துறவறம் இல்லை என்பது நம்மில் மக்தபுப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அல்ஹதீத் அத்தியாயத்தின் 27ஆம் வசனம், ஈஸா (அலை) அவர்களைப் பின்பற்றியோர் தாமாக உண்டாக்கிக்கொண்ட ஒன்றாகவே அதைக் குறிப்பிடுகிறது. ஆயினும், உலக அலுவல்களிலிருந்து ஒதுங்கி, ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, திக்ரிலும் ஓதலிலும் காலம் கழித்த கூட்டத்தார் நம் வரலாற்றிலும் உண்டு. மணவாழ்வைத் துறப்பதாக நேர்ச்சை செய்துகொண்டவர்கள் அல்லர் அவர்கள். அவர்கள் வாழ்ந்த இடம் கான்காஹ் எனப்பட்டது. அவர்களுக்கு உணவளித்தவர் யார், அதற்கு ஈடாக அவர் எதை எதிர்பார்த்தார் என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம்.

எகிப்தில் ஃபாத்திமிய்யா ஆட்சி ஹிஜ்ரி 567இல் (கி.பி. 1171) முடிவுற்றது. இரண்டே ஆண்டுகளில் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள், அவ்வரண்மனை அலுவலர் ஒருவருக்கு உரியதாயிருந்த மாளிகையை, தூர தேசங்களிலிருந்து வரும் ஸூஃபிகளுக்கென வக்ஃபு செய்தார்கள். பழைய உரிமையாளரின் பெயராலேயே அது ‘ஸயீதுஸ் ஸுஅதா’ என வழங்கலாயிற்று. தோட்டமும், அங்காடியும், பஹ்னஸா பகுதி நிலமும் அதற்கு வருவாய் தந்தன. நாள்தோறும் இறைச்சியும் ரொட்டியும் இனிப்பும் வழங்கப்பட்டன. அருகே குளியலறையும் கட்டப்பட்டது. ஊர் திரும்ப விரும்புவோருக்கு வழிச்செலவும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் இந்த ஸூஃபிகள் அணிவகுத்து அல்ஹாகிம் பள்ளிவாசலுக்குச் செல்வதைக் கண்டு பரக்கத் பெற மக்கள் ஃபுஸ்தாத்திலிருந்து வந்து கூடுவர் என்று மக்ரீஸி எழுதுகிறார்.

ஷீஆ அரசு நீங்கிய நகரில், சுன்னத் வல்ஜமாஅத்தின் நடமாடும் அடையாளமாக அந்த அணிவகுப்பு விளங்கியது. சுல்தானின் இக்லாஸில் நமக்கு ஐயமில்லை. எனினும், உள்ளூரில் உறவோ சொத்தோ இல்லாத வெளிநாட்டார் தம் புரவலரை அன்றி வேறு யாரைச் சார்ந்திருக்க இயலும்?

இந்தக் கான்காஹின் தலைவருக்கு ‘ஷைகுஷ் ஷுயூக்’ என்பது பட்டம். அப்பட்டம் ஹமவைஹி குடும்பத்தாரிடம் சேர்ந்தபின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. ஷைகு ஸத்ருத்தீனின் புதல்வர்கள் அரசவையின் தூண்களாயினர். அவர்களுள் ஃபக்ருத்தீன் யூஸுஃப், 1229ஆம் ஆண்டின் ஜெருசலம் உடன்படிக்கைக்காக இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னரோடு பேச்சு நடத்தியவர். 1250இல் மன்ஸூராவில் சிலுவைப்படையை எதிர்த்து எகிப்தியப் படைக்குத் தலைமை தாங்கிய நிலையில் ஷஹீதானவர். தஸ்பீஹ் ஏந்திய ஷைகுவின் இல்லத்திலிருந்து படைத்தளபதி தோன்றியதை அக்காலத்தார் முரணாகக் கருதியதாகத் தெரியவில்லை.

மம்லூக்குகளின் காலத்தில் கான்காஹ்கள் பெருகின. இதற்கான காரணத்தை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். தம் செல்வம் சுல்தானால் பறிக்கப்படலாம் என்று அஞ்சிய துருக்கிய அமீர்கள், மத்ரஸாக்களையும் கான்காஹ்களையும் கட்டி, சொத்துகளை அவற்றுக்கு வக்ஃபு செய்து, தம் பிள்ளைகளையே நிர்வாகிகளாக நியமித்தனர். நன்மையும் கிட்டும், சொத்தும் தங்கும்.

பைபர்ஸ் அல்ஜாஷ்னகீரின் கான்காஹுக்கு இந்தப் பாதுகாப்பும் போதவில்லை. (மங்கோலியரை வென்ற ளாஹிர் பைபர்ஸ் வேறு, இவர் வேறு.) 1306இல் தொடங்கிய கட்டடம் நிறைவுறும் தறுவாயில் இவர் அரியணையைக் கைப்பற்றினார், 1310இல் அதை இழந்து கொல்லப்பட்டார். மீண்டு வந்த சுல்தான் நாஸிர் முஹம்மது கான்காஹை மூடினார்; முகப்புக் கல்வெட்டிலிருந்து பைபர்ஸின் அரச விருதுகளைச் செதுக்கி நீக்கச் செய்தார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் கதவுகள் மீண்டும் திறந்தன.

இதே கான்காஹின் தலைவராக 1389இல் நியமிக்கப்பட்டவர் இப்னு கல்தூன். தலைவர் அங்குள்ள ஸூஃபிகளுள் ஒருவராய் இருத்தல் வேண்டும் என்பது வக்ஃபின் நிபந்தனை. ஆகவே ஒரே ஒரு நாள் அவர் ஸூஃபியாகப் பதிவு செய்துகொண்டார் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. அமீர்களின் உள்நோக்கத்தை அவ்வளவு தெளிவாகக் கண்ட அறிஞர்தாம் அவர்! அதே ஆண்டில் கலகம் மூண்டது. சுல்தான் பர்கூக் பதவியிழந்து கரக் கோட்டையில் சிறைப்பட்டார். அங்கிருந்து அவர் தப்பியதும், அவரை எதிர்க்கும் ஃபத்வாவில் கையொப்பமிடுமாறு கலகத் தலைவர் மின்தாஷ் உலமாக்களை வற்புறுத்தினார். இப்னு கல்தூனும் கையொப்பமிட்டார். 1390இல் பர்கூக் மீண்டு வந்தார்; கான்காஹின் தலைமை பறிபோயிற்று. நிர்ப்பந்தத்தால் ஒப்பமிட்டதாகவே அவர் தம் வரலாற்றில் எழுதுகிறார். அதை நாம் நம்புகிறோம். வக்ஃபின் வருவாயில் உண்டு, பாடம் நடத்தி வரும் நம்போன்றோர் அவரை எள்ளி நகையாட முடியாது.

கெய்ரோவில் ஷைகுவின் புதல்வர்கள் படை நடத்திய அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில், பஞ்சாபின் அஜோதனில் பாபா ஃபரீதுத்தீன் (ரஹ்) அவர்கள் வேறு வழியில் நின்றார்கள். பின்னாளில் பல்பன் என்னும் பெயரில் சுல்தானான உலுக் கான், ரொக்கத்தோடு நான்கு கிராமங்களுக்கான சாசனத்தையும் கொண்டு வந்தார். ரொக்கத்தை ஏழைகளுக்காகப் பெற்றுக்கொண்ட ஷைகு அவர்கள், சாசனத்தைத் திருப்பியளித்தார்கள். இந்த வேறுபாடு நுட்பமானது. ரொக்கம் அன்றே பங்கிடப்பட்டு மறைந்துவிடும். நிலமோ ஆண்டுதோறும் அரசு அலுவலரின் வாசலுக்கு இழுக்கும். சிஷ்தியாக்கள் கேளாமல் வரும் காணிக்கையை ‘ஃபுதூஹ்’ என்றனர். அதைச் சேமித்து வைப்பதைத் தவிர்த்தனர்.

ஆனால் கேளாமல் வருவதும் யாரோ ஒருவரின் கையிலிருந்துதான் வருகிறது. 1320இல் டில்லி அரியணையைச் சில மாதங்கள் பற்றியிருந்த குஸ்ரவ் கான், கருவூலப் பணத்தை ஷைகுமார்களுக்கு வாரி வழங்கினார். அவரை வென்று சுல்தானான கியாஸுத்தீன் துக்ளக் அதைத் திரும்பக் கேட்டார். சிலர் கொடுத்துவிட்டனர். நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களோ, அது பைத்துல் மாலின் பணம், உரிய ஏழைகளிடமே போய்ச் சேர்ந்துவிட்டது என்று விடையனுப்பியதாகப் பிற்கால நூல்கள் கூறுகின்றன. சுல்தானின் ஆட்கள் எண்ணி எடுத்துச் செல்ல அவர்களின் கான்காஹில் ஒரு தங்காவும் எஞ்சியிருக்கவில்லை.