சுருக்கமும் சேர்மமும்: திரவக் கலப்பின் கன அளவு பற்றி ஒரு மறுவிசாரணை

இரண்டு திரவங்கள் கலந்தபின் அவற்றின் கன அளவு குறைந்து நிற்குமாயின், அக்குறைவு எந்த விகிதத்தில் உச்சத்தை அடைகிறதோ அந்த விகிதத்தில் ஒரு சேர்மம் பிறந்திருக்க வேண்டும் என்னும் கொள்கையை, 1865-இல் எரிசாராயமும் தண்ணீரும் கூடுவதைப் பற்றித் தாம் எழுதிய முனைவர் பட்ட நூலில் திமீத்ரி மெண்டலீவ் நிலைநாட்ட முயன்றார். பிற்காலத்து ஆய்வாளர் அவருடைய அளவைகளின் நுட்பத்தை மெச்சியதோடு நிற்காமல், அவர் செய்த அநுமானத்தையும் தம்மையறியாமலே சுவீகரித்துக்கொண்டார்கள் என்பதே என் கருத்து.

இச்சுருக்கத்தை முதலில் கண்டவர் யார் என்பதை நான் இங்கே தீர்மானிக்கப் புகவில்லை. ரெயோமூர் 1733-இலேயே கலந்த திரவங்களின் கன அளவைப் பற்றிப் பாரிஸ் அகாதமியில் எழுதியிருக்கிறார் எனினும், சாராயம் காய்ச்சியோர் அதற்கு நெடுநாள் முன்னரே இதை அறிந்திருக்கக்கூடும். சாஸ்திரத்தைக் காட்டிலும் வரிவசூல்தான் இவ்விஷயத்தில் அவசரம் காட்டியது. தீர்வை விதிக்க வழி வேண்டி இங்கிலாந்து அரசாங்கம் கேட்டபோது பிளாக்டன் 1790-இல் அறிக்கை அளித்தார். கில்பின் 1794-இல் விரிவான அட்டவணைகளை வெளியிட்டார். அந்தப் பரம்பரையில் வந்த ‘புரூஃப்’ கணக்கு நம் கலால் சட்டங்களில் ‘புரூஃப் லிட்டர்’ என்று இன்றும் நிலைத்திருக்கிறது.

மெண்டலீவின் வாதத்துக்கு உயிர்நாடி ஒரே ஓர் எண். எடையில் நூற்றுக்கு 46 பங்கு சாராயம் சேர்ந்த கலவையில் சுருக்கம் உச்சமாயிருக்கிறது என்று அவர் கண்டார். ஒரு சாராய மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறு என்று கணக்கிட்டாலும் அதே 46 கிடைக்கிறது. 1887-இல் அவர் மேலும் துணிந்து, அடர்த்தி மாறும் வேகத்தை வரைந்து, நேர்கோடுகள் முறிகின்ற இடங்கள் எனத் தாம் கொண்டவற்றிலிருந்து, ஒன்றுக்குப் பன்னிரண்டு, ஒன்றுக்கு மூன்று, மூன்றுக்கு ஒன்று என மூன்று ஹைட்ரேட்டுகளை அறிவித்தார். பிக்கரிங் இவ்வழியைக் கந்தக அமிலத்திலும் கையாண்டார்.

இந்த 46 என்னும் எண்ணிடம் சற்று நின்று விசாரித்தல் அவசியம். வழக்கிலுள்ள 20 பாகை செல்சியஸ் அடர்த்தி அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். சுருக்கத்தைக் கலக்குமுன் இருந்த மொத்தக் கன அளவில் இத்தனை பங்கு என்று சொன்னால், உச்சம் 46-ஐ ஒட்டியே விழுகிறது. அங்கே சுருக்கம் சுமார் 3.5 சதவீதம். அதே சுருக்கத்தை ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று சொன்னால் உச்சம் 50-ஐ நெருங்குகிறது. ஒரு மோலுக்கு இவ்வளவு என்று சொன்னாலோ, சாராயத்தின் மோல் பின்னம் ஏறத்தாழ 0.4 ஆகிய இடத்துக்கு, அதாவது எடையில் 63 சதவீதத்துக்கு அது பெயர்ந்துவிடுகிறது. அங்கே சுருக்கம் மோலுக்கு 1.1 கன சென்டிமீட்டர், மெண்டலீவின் கலவையிலோ 1.0 மாத்திரமே. வகுக்கும் எண்ணை மாற்றியவுடன் இடம்பெயரும் உச்சத்தை ஒரு சேர்மத்தின் முகவரி என்று கொள்வது எங்ஙனம்? அன்றியும், 40-க்கும் 50-க்கும் இடையே இச்சுருக்கம் 0.1 சதவீத அளவுகூட வேறுபடவில்லை. இத்தகைய தட்டையான முகட்டில் ஒரு முழு எண் விகிதத்தைக் கண்டெடுப்பதற்கு அளவையைவிட ஆவலே அதிகம் உதவியிருக்கும்.

மோலுக்கு இவ்வளவு என்று சொல்லும் வழக்கம் எப்போது வேரூன்றியது என்பதற்கு ஓர் ஆண்டைக் குறிப்பது பொருந்தாது. லூயிஸும் ராண்டலும் 1923-இல் எழுதிய நூலுக்கும், ரெட்லிக்–கிஸ்டர் சமன்பாடு வெளிவந்த 1948-க்கும் இடையில் அது படிப்படியாக நிகழ்ந்தது என்று கொள்ளலாம். ‘மிகைக் கன அளவு’, அதாவது கலவையின் கன அளவிலிருந்து கலக்குமுன் இருந்த கன அளவுகளின் கூட்டைக் கழித்தால் வருவது, என்னும் கருத்து உறுதிப்பட்ட பின்னர், நீரை விட்டுக் கரிமத் திரவங்கள் இரண்டைக் கலந்து அளப்பதே பெருவழக்காயிற்று. 1966-இல் டங்கன், ஷெரிடன், ஸ்விண்டன் ஆகியோர் அமைத்த கருவியைப் போன்றவற்றில், பாதரசம் இடைநின்று பிரித்த இரு திரவங்களும் கருவியைச் சாய்த்தவுடன் கலக்கின்றன; நுண்புழைக் குழாயில் மட்டம் ஏறுவதோ இறங்குவதோ நேரே கண்ணுக்குத் தெரிகிறது. அடர்த்திகளை அளந்து கழித்தறியும் முறையில் இரு பெரிய எண்களின் சிறு வித்தியாசத்தை நம்ப வேண்டியிருக்கிறது. சாய்த்துக் கலக்கும் கருவியில் அச்சங்கடம் இல்லை.

நம் தேசத்தில் இத்துறைக்குத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் ஒரு முக்கிய ஸ்தானம். 1974-இல் கனடிய இரசாயன சஞ்சிகையில் பிரபாகர ராவும் நாயுடுவும் மெதில் எதில் கீட்டோனுடன் ஆல்கஹால்களைக் கலந்து பெற்ற முடிவுகளை வெளியிட்டனர். அக்கட்டுரையைப் பின்வந்தோர் பலர் செய்முறைக்காகச் சுட்டுகின்றனர். இவ்வகை ஆய்வுகள், ஆல்கஹாலின் சொந்தப் பிணைப்பு அறுவதால் வரும் விரிவையும் வேற்றுப் பிணைப்பால் வரும் சுருக்கத்தையும் எதிரெதிரே நிறுத்துவதால், மெண்டலீவைவிட நிதானமுடையவை. ஆயினும் இத்துறையில் பொதுவாக மிகைக் கன அளவில் கழித்தல் குறி தோன்றியவுடன் மூலக்கூறுகளின் விசேஷப் பிணைப்பு என்று எழுதிவிடும் பழக்கம் பரவியதில், 1865-இன் நிழலையே நான் காண்கிறேன். ஹெக்சேனோடு ஹெக்சாடெக்கேனைக் கலந்தால் மோலுக்கு ஏறத்தாழ அரை கன சென்டிமீட்டர் சுருங்குகிறது. அவ்விரண்டுக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. சங்கிலி நீளத்தின் வேறுபாட்டால் இரு திரவங்களின் உள்வெற்றிடம் வேறுபடுவதே அதற்குக் காரணம் என்பதை 1964 முதல் ஃப்ளோரியும் அவர் கூட்டாளிகளும் விளக்கிக் காட்டினர்.

திருப்பதி அளவைகளில் அடிக்கடி காணும் 303.15 கெல்வின், அதாவது 30 பாகை, தனியே கவனிக்கத்தக்கது. மேனாட்டார் பெரும்பாலும் 25 பாகையையே பின்பற்றினர். போர்ட் பிளேயரின் மரைன் ஹில்லில் வசிக்கும் எனக்கு இதன் காரணம் வெளிப்படையாகவே தோன்றுகிறது: பகலில் அறையே 30 பாகையை ஒட்டி நிற்கும் ஊரில் கருவி அமிழும் நீர்த்தொட்டியை 25-இல் நிறுத்தக் குளிரூட்டி வேண்டும், 30-க்கோ 35-க்கோ ஒரு சூடேற்றியே போதும். இது அநுமானமேயன்றிச் சான்று அன்று. ஆயினும் இதன் விளைவு சிறிதன்று. மிகைக் கன அளவு வெப்பநிலையோடு மாறுவதாகையால், 25 பாகைக்கான மேனாட்டு எண்களோடு இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. 1969-இல் க்ராட்கி முதலியோர் அதிரும் குழாய் அடர்த்திமானியை அறிமுகம் செய்தபின் பாதரசக் கருவிகள் மெல்ல ஒதுங்கின. அவற்றால் 30 பாகையில் பெறப்பட்ட எண்கள் பல, இணைவைத்துப் பார்க்க வேறு அளவையின்றித் தனித்தே நிற்கின்றன.